திருப்பிக் கூப்பிட்டது யார் குற்றம்?

சிதம்பரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 2023 டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலையில் மிஸ்டு கால் ஒன்று வந்தது. ஒரே ரிங்தான். செல்போனை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. எண் +216 என்று தொடங்கியது. அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன், கத்தாரில் வேலை பார்க்கிறார். கத்தாரின் நாட்டு எண் 974 என்பது பெரியப்பாவுக்கு மனப்பாடம். ஆனால் கண்ணாடி போடாமல் தூக்கக் கலக்கத்தில் பார்க்கிறவருக்கு முன்னால் இருக்கும் கூட்டல் குறி மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கால் வந்து பாதியில் நின்றால் எந்தத் தகப்பனும் என்ன நினைப்பாரோ அதைத்தான் அவரும் நினைத்தார். திருப்பிக் கூப்பிட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கட் செய்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை ஏதோ மெல்லிய பாட்டுச் சத்தம் கேட்டது. லைனில் இருக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று காத்திருந்தார். ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து வழக்கமான 'குட்மார்னிங்' படம் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பில் வந்தபோது அந்த மூச்சு மறுபடியும் நின்றது. வழக்கமான தொகைக்கு மேல் 2,140 ரூபாய். பதினான்கு நிமிட ஐ.எஸ்.டி. பேச்சு. யாரோடும் பேசாத பேச்சு.

பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். எதையும் விதிப்படி கேட்டுப் பார்க்கிறவர். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடலூர் வந்தார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு அந்த டெலிகாம் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், தலையை நிமிர்த்தினார், ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீங்கதானே சார் டயல் பண்ணியிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை. அன்றைக்கு என்னிடமும் இல்லை. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெலிகாம் பில்லிங் தொடர்பான புரோகிராம்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். நானே பதில் தெரியாமல் நின்றது எனக்கு இரண்டு நாள் உறுத்தலாக இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

காசு எந்த வழியில் போகிறது?

பிரீமியம் ரேட் எண் என்பது சாதாரண எண்ணைவிடப் பல மடங்கு கட்டணம் உள்ள எண். அதைக் கூப்பிட்டால் நீங்கள் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் போகும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜோதிடம், கிரிக்கெட் ஸ்கோர், டி.வி. போட்டிக்கு ஓட்டு என்று எத்தனையோ சேவைகள் இப்படித்தான் காசு பார்த்தன. அந்த எண்ணை நீங்கள் தெரியாமல் கூப்பிடும்படி செய்தால்தான் அது மோசடி ஆகிறது.

மிஸ்டு கால் மோசடிக்கு ஜப்பானில் 'வான்கிரி' என்று பெயர் வைத்தார்கள். 'ஒரு ரிங், கட்' என்று அர்த்தம். நம் ஊரில் மிஸ்டு கால் கொடுப்பது ஒரு கலையாகவே இருந்தது என்பதால் இந்த வித்தைக்கு நம்மை யாரும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இண்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கான எண்களுக்கு வரிசையாக ஒரு ரிங் விடுவார்கள். யாரும் எடுப்பதற்குள் கட் செய்வதால் அவர்களுக்குச் செலவு அநேகமாக ஒன்றும் இல்லை. நூறில் ஒருவர் திருப்பிக் கூப்பிட்டால் போதும்.

பெரியப்பா கேட்ட மணிச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெலிபோனில் கட்டணம் ஓட ஆரம்பிப்பது நாம் 'ஹலோ' கேட்கும்போது அல்ல. எதிர்முனையில் இருக்கும் கருவி 'எடுத்துவிட்டேன்' என்ற சிக்னலை அனுப்பியதும் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். இந்த மோசடியில் எதிர்முனை உடனே எடுத்துவிடும், எடுத்த பிறகு மணி அடிக்கிற சத்தத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டும். 'இன்னும் யாரும் எடுக்கவில்லை, காசு ஆகாது' என்று நாம் காத்திருப்போம்.

216 என்பது துனிசியா நாட்டின் எண். அதற்காகத் துனிசியாக்காரர்களைத் திட்ட வேண்டாம். அந்த அழைப்பு துனிசியாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வழியில் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் எக்ஸ்சேஞ்சிலேயே அதைத் தடுத்து எடுத்துக்கொண்டு பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு.

ஆக, பெரியப்பாவின் 2,140 ரூபாய் முதலில் அவருடைய டெலிகாம் நிறுவனத்துக்கு. அங்கிருந்து ஒரு சர்வதேச இணைப்பு நிறுவனத்துக்கு. அங்கிருந்து வேறொரு நாட்டு நிறுவனத்துக்கு. பிறகு எண்களை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடும் ஒரு தரகருக்கு. கடைசியில் அந்த மிஸ்டு கால் ஆசாமிக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசையில் பெரியப்பா முகம் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் முதல் கை. 'நீங்கள்தானே டயல் செய்தீர்கள்' என்று கேட்டதும் அவரேதான்.

இதில் இன்னொரு விஷயம், நான் வேலை பார்க்கும் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நிறுவனங்களுக்கிடையேயான இந்தக் கணக்கு அன்றைக்கன்றைக்கே தீர்க்கப்படுவதில்லை. பெரும்பாலும் மாதக் கணக்காகத்தான் தீர்ப்பார்கள். காசு கிளம்புவதற்கு முன் நிறுத்தி வைக்க நாள் இருக்கிறது.

மோடம் காலத்துக் கதை

இது புதிய பிரச்னை இல்லை. டயல்-அப் இண்டர்நெட் வைத்திருந்த பழைய வாசகர்களுக்கு 'டயலர்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் அப்பா 172233 என்று சஞ்சார்நெட்டுக்கு மோடத்தை டயல் செய்ய விடுவார். அது 'கீய்ங்... கர்ர்' என்று கத்தி முடிக்கும் வரை யாரும் போனைத் தொடக்கூடாது. அந்த எண்ணை உங்களுக்குத் தெரியாமல் மாற்றிவிடுகிற புரோகிராம்தான் டயலர். அப்படி நடந்தால் உங்கள் மோடம் உள்ளூர் எண்ணுக்குப் பதிலாக எங்கோ ஒரு வெளிநாட்டு எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

1997-ல் அமெரிக்காவில் பெரிதாக வெடித்த வழக்கு ஒன்று உண்டு. சில ஆபாசத் தளங்களில் 'படம் பார்க்க இந்த வியூவரை இறக்கிக்கொள்ளுங்கள்' என்றார்கள். இறக்கியதும் அது மோடத்தின் ஸ்பீக்கரை ஊமையாக்கிவிட்டு, இருந்த இணைப்பைத் துண்டித்து, மால்டோவா நாட்டு எண்ணுக்கு டயல் செய்தது. தளத்தை விட்டு வெளியே வந்தாலும் இணைப்பு நீடித்தது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 38,000-க்கும் அதிகமானோருக்குச் சுமார் 27 லட்சம் டாலர் திரும்பக் கிடைக்கச் செய்தது. இத்தனைக்கும் ஒவ்வொருவரும் தன் கையால்தான் அந்த ஃபைலைக் கிளிக் செய்திருந்தார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜெர்மனி வழக்கு. ஒரு பெண்மணியின் பதினாறு வயது மகன், இண்டர்நெட்டை வேகமாக்கும் என்று நம்பி ஒரு ஃபைலை இறக்கினான். அது டயலர். சந்தேகம் வந்து ஃபைலை அழித்தும் விட்டான். ஆனால் அது செட்டிங்கை ஏற்கெனவே மாற்றிவிட்டதால், 2000-ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்ட் வரை வீட்டு மோடம் 0190 என்று தொடங்கும் பிரீமியம் எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பில் சுமார் ஒன்பதாயிரம் யூரோ. டெலிபோன் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. 2004 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், சாதாரண கட்டணத்தைத் தவிர அந்தப் பெண்மணி எதுவும் தரவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்காரருக்கு டயலர் இருக்கிறதா என்று தினமும் சோதித்துப் பார்க்கும் கடமை கிடையாது. அந்தப் பிரீமியம் எண்ணால் லாபம் பார்க்கிறவர்களில் டெலிபோன் நிறுவனமும் ஒன்று. எனவே அந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தையும் அதுவே சுமக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கவுண்ட்டரில் கேட்கப்பட்ட கேள்விக்கு இருபது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள், வேறொரு ஊரில்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மிஸ்டு கால் ஆசாமி குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. டயலர் போன்றவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் கம்ப்யூட்டரைத் தாக்கினாலும் செல்லும் என்று அதே சட்டத்தின் 75-ஆவது பிரிவு சொல்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ரூ. 2,140-க்காகக் கடலூர் சைபர் கிரைம் போலீஸார் துனிசியா வரை போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் கேள்வி டெலிகாம் நிறுவனத்திடம் வந்து நிற்கிறது. அவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. 'நாங்கள் வெறும் இடைத்தரகர், அழைப்பைச் சுமந்து செல்கிறோம், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை' என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இடைநிலையாளர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, மற்றவர்களுடைய தகவலைச் சுமப்பதற்கு. காசு வசூலிப்பது சுமப்பதில் அடங்குமா?

பழைய வி.பி.பி. பார்சல் ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கேமரா ஆர்டர் செய்வார்கள், தபால்காரரிடம் பணம் கட்டிப் பிரித்தால் உள்ளே செங்கல் இருக்கும். தபால்காரர் மேல் தப்பில்லைதான். ஆனாலும் 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்திலேயே, வி.பி.பி.யில் மோசடி நடந்தால் வசூலித்த பணத்தை நிறுத்தி வைத்து, பார்சலை வாங்கியவருக்கே திருப்பித்தர விதி வகுக்க இடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தபால் இலாகாவுக்குத் தோன்றியது, நொடிக்கு நொடி கணக்கு வைத்திருக்கும் இன்றைய நெட்வொர்க்குகளுக்குத் தோன்றவில்லை என்றால் எப்படி?

இந்தியாவில் பிரீமியம் கட்டணம் பற்றிப் பெரிய கோர்ட் வரை போன வழக்கு என்றால் 'கோன் பனேகா குரோர்பதி' வழக்குதான். 2007 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த நிகழ்ச்சியில் 'ஹர் சீட் ஹாட் சீட்' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். டி.வி. பார்ப்பவர்கள் எஸ்.எம்.எஸ்.ஸில் பதில் அனுப்பலாம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒருவருக்கு இரண்டு லட்சம் பரிசு. எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ரூ. 2.40. பரிசுப் பணமே இந்த எஸ்.எம்.எஸ். வசூலிலிருந்துதான் வருகிறது, இதை மறைத்தது முறையற்ற வணிகம் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2008 செப்டம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஸ்டார் இந்தியா, ஏர்டெல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் விதித்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. பரிசு எஸ்.எம்.எஸ். காசிலிருந்துதான் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆகவே அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. என் கவனம் வேறு இடத்தில். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் ஒப்பந்தமும் கணக்கும் நிறுவனங்களின் அலமாரியில் இருக்கும். அதை நிரூபிக்கும் பாரமோ வெளியே நிற்கிறவர் தலையில். பெரியப்பா நின்றதும் அதே இடத்தில்தான்.

எங்கே போய் முறையிடுவது என்பதிலேயே நமக்குப் பதின்மூன்று வருடம் குழப்பம் இருந்தது. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவு, டெலிபோன் தகராறுகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் கொண்டுபோகச் சொல்கிறது. கேரளாவில் பில் தகராறில் இணைப்பை இழந்த ஒருவரின் வழக்கில், இந்தப் பிரிவு இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகமுடியாது என்று 2009 செப்டம்பர் 1 அன்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதைக் காட்டியே நுகர்வோர் மன்றங்களில் டெலிபோன் புகார்கள் எதிர்க்கப்பட்டன.

பிறகு அகமதாபாத்தில் ஒரு வோடஃபோன் வாடிக்கையாளர். மாதம் சராசரி 555 ரூபாய் பில் வருகிறவருக்கு 2013 நவம்பர் - டிசம்பரில் ரூ. 24,609 பில் வந்தது என்பது அவர் புகார். நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று நிறுவனம் கடைசி வரை வாதாடியது. 2022 பிப்ரவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட், நடுவர் வழி ஒன்று இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் அதிகாரம் போய்விடாது என்று தெளிவாகச் சொன்னது. பில் சரியா தப்பா என்பதற்குள் போகவில்லை, கதவு திறந்திருக்கிறதா என்பதை மட்டும் முடிவு செய்தது. புகார் கொடுத்தது 2014-ல். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எட்டு வருடம். 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி முறையிடும் உரிமையைப் பாதிக்காது என்றே சொல்கிறது. அந்த வரைக்கும் நல்லது.

டிராய் சும்மா இருந்தது என்று சொல்லமுடியாது. கேட்காமலே காலர் டியூனும் ஜோதிடமும் ஒட்டிக்கொண்ட காலத்தில் 2011, 2013 ஆண்டுகளில் இரட்டைச் சம்மத விதியைக் கொண்டுவந்தது. அது ஓரளவு வேலை செய்தது. 2012-ல் ப்ரீபெய்ட் வாடிக்கையாளருக்கு அவர் கேட்காமல் ஐ.எஸ்.டி. வசதி கூடாது என்றும் சொன்னது. ஆனால் ஐ.எஸ்.டி. வசதியைக் கேட்டு வாங்கிய பெரியப்பா மாதிரி ஆளுக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவர் கேட்டது கத்தாருக்குப் பேச. கிடைத்தது உலகம் முழுவதுக்கும் திறந்த வாசல். வீட்டுக்கு ஒரு கதவு கேட்டவருக்கு நாலு சுவரையும் எடுத்துவிட்டுக் கொடுத்த மாதிரி.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தரமாட்டேன் என்றாலும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இவர்கள் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். மேலும், அரை மணி நேரம் ஆசை தீரப் பேசிவிட்டு 'நான் பேசவே இல்லை' என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தள்ளுபடி என்றால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் உண்மையான அழைப்பையும் மோசடி அழைப்பையும் பிரித்தறிவது அவ்வளவு கஷ்டமா? என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், கஷ்டமில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவு உண்டு. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி. ஒரே வெளிநாட்டு எண் வரிசையிலிருந்து அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரு விநாடி அழைப்பு. அதன் பின்னாலேயே அதே எண்களுக்கு இங்கிருந்து அழைப்புகள். இதைக் கண்டுபிடிக்க மேதாவித்தனம் தேவையில்லை. இப்படிப்பட்ட வடிவங்களைப் பிடிக்கும் மென்பொருள் இந்தத் துறையில் வருடக்கணக்காக விற்கப்படுகிறது. அவற்றுக்கு டெஸ்ட் கேஸ் எழுதி நானே கண் வலித்திருக்கிறேன். பெரியப்பாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மிஸ்டு கால். அதே நேரத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு அது போனது என்பதை அறியக்கூடிய இடத்தில் இருப்பது நெட்வொர்க் மட்டும்தான். 2025 ஜனவரியில் ஜியோ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு இப்படிப்பட்ட பிரீமியம் ரேட் மிஸ்டு கால் பற்றி மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பியது. வரவேற்கிறேன். ஆனால் எச்சரித்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று ஆகிவிடக்கூடாது.

வங்கி விஷயத்தில் இதற்கு நமக்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியிடமும் தப்பில்லை, வாடிக்கையாளரிடமும் தப்பில்லை, நடுவில் யாரோ திருடினார்கள் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். ஓ.டி.பி.யைத் தானே சொல்லிக் கொடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை என்பது உண்மை. 'நீங்கள்தானே டயல் செய்தீர்கள்' என்பதற்கும் அதற்கும் ஒற்றுமை காட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது. தவறிய அழைப்பைத் திருப்பிக் கூப்பிடாதே என்று எந்த போனிலும் எழுதவில்லை. சொல்லப்போனால் அந்த எண்ணைத் தொட்டாலே டயல் ஆகும்படிதான் போனைச் செய்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ரொம்பப் பெரிதில்லை. வாடிக்கையாளர் இதுவரை கூப்பிடாத ஒரு நாட்டுக்கு முதல் தடவை டயல் செய்யும்போது, 'இந்த அழைப்புக்கு நிமிடத்துக்கு இத்தனை ரூபாய்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இணைக்கட்டும். காலர் டியூனை விற்கக் குரல் பதிவு போடத் தெரிந்தவர்களுக்கு இது முடியாததல்ல. பில்லில் சச்சரவு என்று புகார் வந்தால் அந்தத் தொகையை மட்டும் தனியே நிறுத்தி வைக்கட்டும், மேலே போகிற கணக்கிலும் நிறுத்தட்டும். பிரிட்டனில் டயலர் தொல்லை உச்சத்தில் இருந்தபோது, பிரீமியம் எண்காரருக்குப் போகும் பணத்தை முப்பது நாளாவது பிடித்து வைக்கும்படி நெட்வொர்க்குகளுக்கு விதி போட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தகராறில் இருக்கும் தொகைக்காக இணைப்பை வெட்டக்கூடாது. அமெரிக்காவில் 900 எண்களின் கட்டணத்தைக் கட்டவில்லை என்பதற்காக டெலிபோனைத் துண்டிக்கக்கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது. இங்கே பெரியப்பா கடைசியில் அந்த 2,140 ரூபாயைக் கட்டினார். நியாயம் என்று ஒப்புக்கொண்டு கட்டவில்லை. பென்ஷன் கணக்கு, ஆதார், கேஸ் பதிவு எல்லாமே அந்த ஒரு எண்ணில் இருக்கின்றன. 'நம்பரைக் கட் பண்ணிட்டான்னா நான் எங்கடா போய் நிக்கிறது?' என்றார். செல்போன் எண் என்பது வெறும் போன் எண்ணாக இருந்த காலம் போய்விட்டது. துண்டிப்பேன் என்ற பயமுறுத்தல் இப்போது எந்த வக்கீல் நோட்டீஸையும்விட வலுவானது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

வெளிநாட்டில் யாரும் இல்லாத வீடுகளில் ஐ.எஸ்.டி. வசதியை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். இருப்பவர்கள், அவர்கள் எண்ணைப் பெயரோடு சேமித்து வையுங்கள், பெயர் வராத வெளிநாட்டு மிஸ்டு காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள். கேட்காத சேவை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் நிறுத்த 155223. ஆண்ட்ராய்டு போனைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறவர்கள், பிளே ஸ்டோரில் பணம் செலுத்தும் முறைகளில் மொபைல் பில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

பில் வந்துவிட்டால், கவுண்ட்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான். கஸ்டமர் கேரில் புகார் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் முப்பது நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகவேண்டும். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மனுவை நானே எழுதித் தருகிறேன், கடலூர்தானே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே என்றேன். 'ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கோர்ட் வாசப்படி ஏறணுமா?' என்று மனுவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லமுடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாயிரம் ரூபாயாக எடுத்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்பது அந்த மிஸ்டு கால் ஆசாமிக்கும் தெரிந்துதானே இருக்கும்.

போன மாதம் கத்தாரிலிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வாட்ஸ்அப் கால் சரியாகக் கேட்காத நாளில் நேரடியாக போன் போட்டால் அப்பா எடுப்பதே இல்லையாம். முதலில் நீ அவருக்குச் சொல்லு, அப்புறம் நான் கூப்பிடுகிறேன் என்றார். நானும் சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு போன் போட்டு, 'பெரியப்பா, இப்போ ஒரு கால் வரும், அது அண்ணன்தான், எடுங்க' என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.